எண்ணெய்க் கிண்ணம் கொஞ்சம் பொறுக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தலைக்கு முடி நட்டுக்கொண்டு வந்தவர் வீட்டில் முதல் வாரம் நடக்கிற சண்டை பெரும்பாலும் எண்ணெய்ச் சண்டைதான். காங்கேயம் பக்கம் ஆட்டிய தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அம்மா வந்து நிற்பார். "தலையெல்லாம் வறவறன்னு கெடக்குது கண்ணு, ஒரு சொட்டு வெச்சு உடறேன்" என்பார். மகன் தலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நகருவார். கடைசியில் இருவரும் எனக்குப் போன் போடுவார்கள். தோல் மருத்துவரான எனக்கு இந்தப் பஞ்சாயத்து பழகிப்போன ஒன்று. எண்ணெய், அரப்பு, சீயக்காய், கற்றாழை எல்லாம் எப்போது தலைக்குத் திரும்பி வரலாம், எது வரவே வேண்டாம் என்று இன்றைக்குப் பேசலாம்.

முதலில், தலையில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். வழுக்கை எவ்வளவு ஏறினாலும் பின்மண்டையிலும் காதோரத்திலும் முடி நிற்கும். அந்த முடியை வேரோடு, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கருவியால் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நடுகிறார்கள். கிராஃப்ட் என்று சொல்கிற அந்தச் சின்னக் கொத்தில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். இடம் மாறினாலும் முடி தன் பழைய குணத்தோடேயே வளரும் என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் எழுதினார். இந்தச் சிகிச்சை முழுக்க அந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது. அப்படியானால், நட்ட முடி எண்ணெய் வைத்ததால் நிற்பதும் இல்லை, வைக்காததால் உதிர்வதும் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள தோலையும், ஏற்கெனவே அங்கே இருக்கிற பழைய முடியையும்.

முதல் பத்து நாள் தலை ஒரு புண். அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். நட்ட ஒவ்வொரு புள்ளியிலும் பொருக்கு கட்டியிருக்கும். அதைச் சொறிந்தால் பொருக்கோடு வேரும் கையில் வந்துவிடும். கொடுத்த சலைன் தண்ணீரை அடிப்பதும், மருத்துவர் சொன்ன நாளில் குழந்தைகள் ஷாம்பு நுரையை மெதுவாக வைத்து, ஷவரைத் திறக்காமல் குவளையால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் போதும். ஈரோட்டு மஞ்சளுக்கு எவ்வளவு பேர் இருந்தாலும் இந்தப் புண்ணில் அதை அப்பக் கூடாது. மூன்றாம் நாள், நான்காம் நாள் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கலாம். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் அதுவே வடிந்துவிடும். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ எந்தப் பொடியையும் தேடாமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் பொருக்கு விழாமல் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். சில மருத்துவர்கள் பொருக்கு ஊறட்டும் என்று அவர்களே ஏதாவது எண்ணெயோ லோஷனோ எழுதிக் கொடுப்பார்கள். அது ஒவ்வொருவர் தலையையும் பார்த்துச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள்.

ஹெல்மெட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவது இதற்குப் பதில் ஆகாது. தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் உருமாலை இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான், கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும். ஃபவுண்டரியில் உலை முன்னால் நிற்கிறவர் இரண்டு வாரமாவது லீவு எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வருவதுதான் மனசை உடைக்கிற கட்டம். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். வேர் உள்ளேயே இருக்கும், மேலே இருக்கிற முடி மட்டும் விழும். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே முந்திக்கொண்டு, "தென்னங்கன்னைப் பறிச்சு நட்டா பழைய மட்டை காஞ்சு உழுந்துட்டு அப்புறந்தானுங்க குருத்து வரும்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

குருத்து வர மூன்று, நான்கு மாதம் ஆகும். முழு அளவு தெரிய ஒரு வருடம், உச்சந்தலைக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆடியில் நட்டுவிட்டு ஆவணியில் பொண்ணு பார்க்கப் போகலாம் என்று வருகிற மாப்பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொட்டிப்போன தலையோடு போட்டோ எடுக்க நேரும்.

இந்தக் காலக் கணக்கில் ஒரு வியாபாரமும் ஒளிந்திருக்கிறது. கொட்டிவிட்டதே என்று பயந்து மூன்றாம் மாதம் ஒருவர் மூலிகைத் தைலம் வாங்குகிறார். நான்காம் மாதம் முடி முளைக்கிறது. தைலம்தான் முளைக்க வைத்தது என்று அவர் சத்தியம் செய்வார், பத்துப் பேருக்குச் சொல்வார். விளக்கெண்ணெயோ வெறும் தண்ணீரோ தடவியிருந்தாலும் அதே நான்காம் மாதம்தான் முளைத்திருக்கும். விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்படியானால் எண்ணெய் வீணா? இல்லை. ஒரு மாதம் கழித்து, புண் முழுக்க ஆறின பிறகு, தேங்காய் எண்ணெய் தாராளமாக வைக்கலாம். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். முடிக்கு அது நல்லது. வேருக்கு உரமாக அது போவதில்லை. பொடுகு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொடுகோடு சேர்ந்த மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. ராத்திரி வைத்துக் காலையில் குளிப்பதைவிட, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியில் தடவிக் கழுவிவிடுவது மேல்.

சூடு மட்டும் வேண்டவே வேண்டாம். நட்ட இடத்தில் பல வாரம், சிலருக்குப் பல மாதம், மரத்துப்போன மாதிரி இருக்கும். காய்ச்சிய எண்ணெயோ அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரோ கொப்புளம் போட்ட பிறகுதான் சுட்டது தெரியும். சலூனில் தலையில் தட்டி எடுக்கிற மசாஜும் சில மாதம் வேண்டாம்.

அரப்பு நம் ஊரின் செல்லப் பிள்ளை. உசிலை மரத்து இலைப்பொடி. கடையில் மூட்டையைத் திறந்து அளந்து கொடுக்கிற பொடியில் காம்பும் நரம்பும் தூசியும் சேர்ந்தே வரும். வைத்துத் தேய்த்தால் புதுத் தோலைக் கீறிவிடும். இரண்டு மாதம் போகட்டும். அப்புறம் மெல்லிய துணியில் சலித்து, வடிகஞ்சியில் நீர்க்கக் கரைத்து, தேய்க்காமல் ஊற்றி அலசுங்கள். நுரைக்கிற சபோனின் அதிலேயே இருக்கிறது, அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. சீயக்காய்க்கும் இதேதான் கணக்கு. எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் தலைக்கு ஏற்றுங்கள்.

சின்ன வெங்காயச் சாறு, பூண்டு, எலுமிச்சை மூன்றும் வேண்டாம். பூண்டு தோலை வெந்துபோகச் செய்யும். எலுமிச்சை தேய்த்த தலையோடு வெயிலில் நின்றால் தோல் கருகும். கற்றாழை வைக்க ஆசைப்பட்டால், மடலை வெட்டி நிறுத்தி மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு உள்ளே இருக்கிற சோற்றை மட்டும் எடுங்கள். அரிப்பு வருவது அந்தப் பாலால்தான்.

பல்லடம், காங்கேயம் பக்கமிருந்து வருகிறவர்கள் போர்வெல் உப்புத் தண்ணீரால் நட்ட முடி போய்விடுமா என்று கேட்கிறார்கள். வேரை அது ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டால் அழுக்குப் போலப் படிந்து முடி சிக்காகும், அவ்வளவுதான். சோப்பை விட்டு மிதமான ஷாம்புக்கு வாருங்கள். கடைசி இரண்டு குவளை நல்ல தண்ணீராக இருந்தால் போதும்.

நட்ட முடி நிற்கும், பழைய முடி நிற்காது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இடையில் இருக்கிற பழைய முடி வழுக்கையின் போக்கில் மெலிந்துகொண்டேதான் போகும். நாலைந்து வருடத்தில் முன்னால் நட்ட வரிசை தனியாகவும் பின்னால் வெறுமையாகவும் நிற்கிற தலைகளைப் பார்க்கிறேன். அதைத் தடுக்க மினாக்சிடில், ஃபினாஸ்டிரைட் மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்க விளைவுகளும் உண்டு, உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் உடைந்த ஃபினாஸ்டிரைட் மாத்திரையை அவர்கள் தொடக் கூடாது. இந்த வேலையைக் கரிசலாங்கண்ணித் தைலம் செய்யும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. சாப்பாட்டில் கொள்ளும் முட்டையும் கீரையும் குறையாமல் இருக்கட்டும், சிகரெட்டை விடுங்கள். ரத்தக் குழாயைச் சுருக்குகிற நிகோடின் ஆறுகிற தோலுக்கு ஆகாது.

ஒரு கேள்வி தைப்பூசம் நெருங்கும்போது தவறாமல் வரும். "பழனிக்கு மொட்டை வேண்டியிருக்குதுங்க, போடலாமுங்களா?" ஒரு வருடம் முடிந்திருந்தால் போடலாம். வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கத்தி மேலே இருப்பதைத்தான் எடுக்கும், பழையபடி வளர்ந்துவிடும். பின்மண்டையில் தோலைப் பட்டையாக எடுத்து நட்டவர்களுக்கு மட்டும் காதிலிருந்து காதுவரை ஒரு கோடு தெரியும், தனித்தனியாக எடுத்தவர்களுக்குச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அந்தத் தழும்பு மேட்டில் கத்தி பட்டுக் கீறாமல் இருக்க, உட்காரும்போதே மழிக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தனம் பூசிக்கொண்டாலும் வெயிலில் வெறுந்தலையாக நடக்காதீர்கள், ஒரு துண்டையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.