மணிக்கட்டில் மூன்று எண்கள்

வணக்கம் நேயர்களே. கோல்ஃப் மைதானத்தில் இப்போது நிறையப் பேர் கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களில் பலர் அதில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: கிரீனின், அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையின், நடுப்பகுதிக்கு எவ்வளவு தூரம் என்ற எண். அதற்கு மேலும் கீழும் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச நினைக்கிறேன்.

இந்தக் கடிகாரம் குழியில் நிற்கும் கொடியைப் பார்த்து அளப்பதில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது. மைதானத்தின் வரைபடம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. இரண்டையும் வைத்துத் தூரத்தைச் சொல்கிறது. சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே நின்றால் இன்னும் கொஞ்சம் தவறும். குழியின் இடத்தை மைதானப் பணியாளர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். இன்றைக்குக் கொடி எங்கே நிற்கிறது என்பது பெரும்பாலான கடிகாரங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கிரீனின் முன் விளிம்பு, நடு, பின் விளிம்பு என்று மூன்று தூரங்களைக் காட்டுகின்றன.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீங்கள் ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகும் வழியிலுள்ள வெட்டிய புல்வெளியில், நிற்கிறீர்கள். திரையில் முன் 138, நடு 152, பின் 166 யார்டு. கொடி முன்பக்கம், 142 யார்டு அளவில் நிற்பதுபோலத் தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு பங்கர், அதாவது மணல் பள்ளம். கை தானாகவே 142 யார்டு போகும் மட்டையைத் தேடும். சரி, அடி கொஞ்சம் சரியாகப் படாமல் 10 யார்டு குறைந்தால்? பந்து 132-ல் விழும், அதாவது மணலில். அதே இடத்தில் நடுவுக்கான 152 மட்டையை எடுத்திருந்தால், 10 யார்டு குறைந்தாலும் பந்து கிரீனில்தான் இருக்கும். நன்றாகப் பட்டாலும் கிரீனில்தான், கொடியைத் தாண்டி நின்றால் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ஒரு நீளமான அடி (பட்) மிச்சம் இருக்கும், அவ்வளவுதான். நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களின் அடி பெரும்பாலும் குறைவாகத்தான் போகும், கூடுதலாகப் போவது அபூர்வம். ஆகவே முன் விளிம்பின் எண்ணைப் பார்த்து, “என் சுமாரான அடியும் இதைத் தாண்டுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடி பின்பக்கம் இருந்தால் பின் விளிம்பின் எண்ணைப் பாருங்கள். கிரீனுக்குப் பின்னால் தண்ணீரோ புதரோ இருந்தால் அதுதான் உங்கள் எல்லை.

இன்னொன்று, திரையில் தெரிவது சமதளத் தூரம். மேட்டை நோக்கி அடிக்கும்போது அதே 152 யார்டுக்கு இன்னும் நீளமான அடி தேவைப்படும். இந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் கடிகாரங்கள் உண்டு. இங்கேதான் விதி குறுக்கே வருகிறது. கோல்ஃப் விதி 4.3-ன்படி தூரம் பார்ப்பதற்குத் தடையில்லை, போட்டி நடத்துபவர்கள் உள்ளூர் விதி போட்டுத் தடுத்திருந்தால் தவிர. ஆனால் ஆட்டத்தின்போது மேடு பள்ளத்தை அளப்பதும், காற்றின் வேகத்தைக் கருவியால் அளப்பதும், பந்து கிடக்கும் இடத்தை வைத்து “இந்த மட்டையை எடு” என்று கடிகாரம் தரும் யோசனையைப் பெறுவதும் கூடாது. மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் தடவை 2 அடி தண்டனை, மறுபடியும் செய்தால் தகுதி நீக்கம். அந்த வசதி கடிகாரத்தில் இருப்பதில் தவறில்லை, பயன்படுத்துவதுதான் தவறு. போட்டிக்கு முன்பே அதை அணைத்து வையுங்கள். இதயத் துடிப்புக்கும் இதே மாதிரி ஒரு விதி: பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்யலாம், ஆடும்போது அதைப் பார்த்துப் பயன்படுத்தக் கூடாது.

வலது கை ஆட்டக்காரர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இடது மணிக்கட்டில் கட்டினால், கை மடங்கும்போது பக்கவாட்டுப் பொத்தான் புறங்கையில் குத்தும். இரண்டு விரல் அளவு மேலே தள்ளி, கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள். தூரத்தைப் பந்தை நோக்கி நடக்கும்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. அந்த நேரத்தைத் திரைக்குக் கொடுக்க வேண்டாம். அப்புறம், செய்தி அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். மட்டையைப் பின்னால் ஓங்கிய உச்சியில் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தால் அந்த அடி போச்சு.

ஆட்டம் முடிந்தபின் வீட்டில் உட்கார்ந்து, எந்த மட்டையில் பந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கடிகாரத்தின் பதிவில் பாருங்கள். அதில் உள்ள தூரம் பந்து உருண்டதையும் சேர்த்தது. பங்கரைத் தாண்டுவதற்கு வேண்டியது காற்றில் போகும் தூரம், அதைப் பயிற்சித் திடலில்தான் தெரிந்துகொள்ள முடியும். உங்களுடைய ஆகச் சிறந்த அடியை விட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் தூரத்தை ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு அட்டையில் எழுதிப் பைக்குள் வையுங்கள். ஆட்டத்துக்கு முன்பே தயாரித்த குறிப்பு என்பதால், போட்டியிலும் அதைத் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.