முதல் செமஸ்டர் லேபில் அந்நியராகும் மாணவர்கள்

(பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு செமிகோலனில் தொடங்குகிறேன். முதலாண்டு சி மொழி லேப். ஒரு மாணவி ஆறாவது வரியில் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட்ஃப் கட்டளையை எழுதிவிட்டு, முடிவில் வர வேண்டிய செமிகோலன் (;) போட மறந்துவிடுகிறாள். கம்பைலர் என்பது நாம் எழுதும் புரோகிராமை கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள். நம் லேப்களில் ஓடும் பழைய கம்பைலர்கள் பலவும் பிழை ஏழாவது வரியில் இருப்பதாகவே காட்டும். காரணம் நமக்குத் தெரியும். ஆறாவது வரி முடியவில்லை என்பது ஏழாவது வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் கம்பைலருக்குப் புரிகிறது. அவளோ ஏழாவது வரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறாள். அங்கே ஒரு தப்பும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி டைப் செய்கிறாள். அதே பிழை. பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவன் பள்ளியிலேயே இரண்டு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். எட்டிப் பார்த்து, "மேல் லைன்ல செமிகோலன் இல்ல பாரு" என்கிறான். மூன்று நொடியில் முடிந்தது.

அந்த இடத்தில் அவள் என்ன கற்றுக்கொண்டாள்? பிழை காட்டும் வரிக்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 'அவனுக்கு மூளை இருக்கிறது, எனக்கு இது வராது' என்பதைத்தான் கற்றுக்கொண்டாள். அடுத்த வாரம் அவனுடைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: கம்ப்யூட்டர் துறையில் 'இது என் இடம் இல்லை' என்ற எண்ணம் மாணவர் மனதில் தானாக முளைப்பதில்லை. ஒருவருக்கு முன்பே இருக்கும் பழக்கத்தைத் திறமை என்று நாம் எடுத்துக்கொள்ளும்போது உண்டாகிறது. எங்கே உண்டாகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அங்கேயே சரிசெய்யவும் செய்யலாம்.

இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டியபோது, அதை புரோகிராம் செய்தவர்கள் ஆறு பெண்கள். 1960களின் நடுவில் வில்லியம் கேனன், டல்லிஸ் பெரி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரோகிராமர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். புரோகிராமர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகுவது பிடிக்காது என்று அந்த ஆய்வு சொன்னது. ஆளெடுக்கும் தேர்வுகளும் இந்தப் போக்கிலேயே போயின. அப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்தார்கள், அப்படிப்பட்டவர்களே நிறைந்தார்கள், பிறகு இந்த வேலைக்கே அந்தக் குணம் தேவை என்று எல்லோரும் நம்பினார்கள். 1980களில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் பையனின் அறைக்குத்தான் போனது. 1984-ஐ ஒட்டி அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் சுமார் 37 சதவீதம். அதற்குப் பிறகு அந்தப் பங்கு இறங்கி 20 சதவீதத்துக்கும் கீழே போனது.

அறையின் சுவர் கூட இதில் பேசும். சப்னா செரியன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரே அறையை இரண்டு விதமாக அலங்கரித்தார்கள். ஒன்றில் ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் போஸ்டரும் காலி சோடா டின்களும். இன்னொன்றில் இயற்கைக் காட்சிப் படமும் தண்ணீர் பாட்டிலும். முதல் வகை அறையில் உட்கார்ந்த பெண்களுக்கு கணினி அறிவியலில் ஆர்வம் குறைந்து காணப்பட்டது. ஆண்களிடம் அப்படிக் குறையவில்லை. பாடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இனி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கணினிப் படிப்புக்குப் பேர்போன இடம். 1995-இல் அங்கே கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் பெண்கள் வெறும் 7 சதவீதம். ஆய்வாளர் ஜேன் மார்கோலிஸும் அங்கே பணியாற்றிய ஆலன் ஃபிஷரும் மாணவ மாணவியரிடம் வருடக்கணக்கில் பேட்டி எடுத்தார்கள். விலகிப் போனவர்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்தார்கள். 'ராத்திரி பகலாக கம்ப்யூட்டரோடு கிடப்பவன்தான் அசல் ஆள், நான் அப்படி இல்லை' என்று பெண்களில் பலரும் சொன்னார்கள். ஆண்களிலும் ஒரு பங்கினர் அதையே சொன்னார்கள். இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. எல்லோரும் அளந்துகொள்ளும் அந்த அச்சுக்குள் பொருந்தாத ஆண்களும் அதே வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆய்வில் தெரிந்த முக்கியமான உண்மை: சேரும்போது புரோகிராமிங் தெரிந்திருந்ததா இல்லையா என்பது, கடைசியில் நன்றாகப் படித்து முடிப்பதைத் தீர்மானிக்கவில்லை. ஆகவே சேர்க்கையில் முன்அனுபவத்துக்குக் கொடுத்த முன்னுரிமையை விட்டார்கள். கணிதத் தகுதியைக் குறைக்கவில்லை. முதலாண்டில் அனுபவத்துக்கு ஏற்றபடி வெவ்வேறு தொடக்க வகுப்புகள் வைத்தார்கள். அந்த மாற்றங்களின் காலத்தில் கணினி அறிவியல் பள்ளியின் டீனாக இருந்தவர் ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் சிவில் இன்ஜினியரிங் முடித்துப் போனவர். வெளியே இருந்து துறைக்குள் வந்த ஒருவர் அந்தப் பொறுப்பில் இருந்ததும் நல்லதாயிற்று என்பது என் எண்ணம். 2000-இல் சேர்ந்தவர்களில் பெண்கள் 42 சதவீதம்.

நம் வகுப்பறையில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். இங்கே கோடு வேறு இடத்தில் விழுகிறது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்துவிட்டு வந்தவர், தமிழ்வழியில் படித்தவர், வீட்டில் முதல் பட்டதாரி, 2021-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து சேர்ந்தவர். இவர்களில் பலர் கீபோர்டில் விரல் வைத்துப் பழகுவதே நம் லேபில்தான். இவர்களுக்கும் சிபிஎஸ்இ பள்ளியில் பைதான் எழுதிவிட்டு வந்தவருக்கும் ஒரே லேப், ஒரே மூன்று மணி நேரம்.

பேட்ச் பிரிப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 60 பேரை எப்படியும் இரண்டு பேட்சாகத்தான் பிரிக்கிறோம், ரோல் நம்பர்படி. அதற்குப் பதிலாக முதல் வாரம் ஒரு சீட்டில் ஒரே கேள்வி கேளுங்கள்: "லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) வைத்து புரோகிராம் எழுதி ஓடவிட்டது உண்டா?" மார்க் கேட்காதீர்கள். டெஸ்ட் வைக்காதீர்கள். வைத்தால் அது தகுதிப் பட்டியலாகிவிடும். இதில் வரும் பெரிய ஆபத்து, ஒரு பேட்ச்சுக்கு 'வீக் பேட்ச்' என்று பெயர் வந்துவிடுவது. கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் கல்லூரி இதே மாதிரி பிரித்தபோது, கல்லூரியின் இரண்டு வண்ணங்களான கருப்பும் பொன்னுமே பிரிவுகளின் பெயராயின. 2006-ஐ ஒட்டி அங்கே கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதம். சில ஆண்டுகளில் சுமார் 40 ஆனது. நீங்களும் இரண்டு பேட்ச்சுக்கும் ஒரே சிலபஸ், ஒரே வினாத்தாள் வையுங்கள். இரண்டாம் செமஸ்டரில் சேர்த்துவிடுங்கள். பேட்ச் எப்போதும் பிரிந்தே இருந்தால் நாமே சுவர் கட்டியதாகிவிடும்.

முதல் லேபில் 'ஹலோ வேர்ல்ட்' முடிந்ததும் கூட்டல் கழித்தலுக்குப் போகாதீர்கள். வேண்டுமென்றே உடைத்த ஆறு புரோகிராம்களைக் கொடுங்கள். ஒன்றில் செமிகோலன் இல்லை. ஒன்றில் கடைசி அடைப்புக்குறி இல்லை, பிழை கோப்பின் கடைசி வரியில் காட்டும். ஒன்றில் இரட்டை மேற்கோள் மூடப்படவில்லை. அதற்குப் பல கம்பைலர்களில் பிழைகள் வரிசையாகக் கொட்டும். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யப் பழக்குங்கள். ஒன்றில் முன்கூட்டி அறிவிக்காத மாறி (வேரியபிள்). ஒன்றில் உள்ளீடு வாங்கும் ஸ்கேன்ஃப் கட்டளையில் ஆம்பர்சண்ட் (&) குறி விட்டுப்போயிருக்கும். அது கம்பைல் ஆகிவிடும், ஓடும்போதுதான் பெரும்பாலும் விழும். ஒன்றில் இஃப் நிபந்தனையில் இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று. அதுவும் கம்பைல் ஆகும், ஓடும், தப்பான விடை தரும். கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான், இதைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு பிழைச் செய்தியையும் சத்தமாகப் படித்து, அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்லுங்கள். அதிகம் வரும் பத்துப் பன்னிரண்டு செய்திகளைத் தமிழ் விளக்கத்தோடு லேப் சுவரில் ஒட்டுங்கள். பிழை எல்லோருக்கும் வரும் என்பதை முதல் நாளே கண்ணால் பார்த்தவர், மூன்றாவது வாரம் அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் கொடுத்தால் ஒரே அளவு பழக்கம் உள்ளவர்களைச் சேர்த்து உட்கார வையுங்கள். தெரிந்தவரோடு தெரியாதவரைச் சேர்த்தால் தெரிந்தவர் கை கீபோர்டை விடாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றச் சொல்லுங்கள்.

"யாருக்காவது டவுட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உடனே அடுத்த ஸ்லைடுக்குப் போகிறோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற கல்வியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டினார். மூன்று நொடி காத்திருந்தால் அதுவரை பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். வைவாவில் விஷயம் தெரிந்தும் ஆங்கிலத்தில் திணறுகிறவரைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர் பாயிண்டரை (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியை) புரிந்துகொண்டாரா என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் மாணவரை என்ன செய்வது? வகுப்பில் அடக்காதீர்கள், அவர் மேல் தவறில்லை. ஹார்வி மட் ஆசிரியர்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள்: உன் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மற்றவர்கள் மிரள்கிறார்கள், நாம் இருவரும் வகுப்புக்குப் பிறகு பேசலாம். அவருக்குக் கடினமான கணக்கு கொடுங்கள். ஃபைல் படித்து எழுதும் ஒரு சிறு திட்டம் கொடுத்தால் ஒரு மாதம் ஓடும். மற்றவர்களின் ரெக்கார்டைத் திருத்தும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். நேற்று செமிகோலன் சொன்னவர் இன்று மார்க் போடுபவராக வந்து நின்றால் அந்த மாணவி அதற்குப் பிறகு எதுவும் கேட்க மாட்டாள்.

இவற்றில் பேட்ச் பிரிப்பதற்கு மட்டும்தான் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அந்த ஆறு புரோகிராம்களையும் எழுத ஒரு மாலை போதும். உங்கள் லேபில் இருக்கும் கம்பைலரிலேயே ஓடவிட்டு, எந்த வரியில் பிழை காட்டுகிறது என்று பார்த்த பிறகு மாணவர்களிடம் கொடுங்கள். புதிய கம்பைலர் சில செய்திகளை வேறு மாதிரி காட்டும், சுவரில் ஒட்டியது அதோடு பொருந்த வேண்டும்.