சிக்கனம் தோட்டத்தில் தொடங்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர்ச் சிக்கனம் தொடங்க வேண்டியது வீட்டிலா, தோட்டத்திலா? எதிரணித் தம்பி வீடு என்றார். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்டுகிறோம் என்றார். உண்மைதான். ஆனால் அது எவ்வளவு தண்ணீர்? உலகம் எடுக்கும் நன்னீரில் 100க்கு 70 பங்கு விவசாயத்துக்குப் போகிறது. இலங்கையில் அது 85க்கும் மேல். நம் வீடுகளின் பங்கு 10ஐக்கூடத் தொடவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே விவசாயத்தைவிட மின் நிலையங்கள்தான் கூடத் தண்ணீர் எடுக்கின்றன என்றும் சொன்னார். சரி, பார்ப்போம். 2015 கணக்கில் அங்கே எடுத்த நீரில் 41 வீதம் அனல், அணு மின் நிலையங்களுக்கு, பாசனத்துக்கு 37. ஆனால் மின் நிலையத்துக்குள் போன தண்ணீர், குளிர்வித்த சூட்டோடு, பெரும்பாலும் எடுத்த இடத்துக்கே திரும்புகிறது. பயிருக்கு இறைத்ததில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும்.

நமக்கோ வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறதே, அதுதான் முழுச் சொத்து. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும்.

நான் தோட்டக்காரரின் மகள். உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவள். அப்பு துலாக் காலத்தைச் சொல்லுவார். துலா மிதிக்க ஒருவர், பட்டையைக் கவிழ்க்க ஒருவர், பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்ப ஒருவர். மூன்று பேர் உடம்பு நோக இறைத்த தண்ணீரை வழிய விட யாருக்கு மனம் வரும்? இன்று மெஷினை இழுத்துவிட்டால் வெங்காயப் பாத்தி நிரம்பி, வாய்க்கால் உடைத்து, ஒழுங்கை வரை ஓடுகிறது.

மிஞ்சியது கிணற்றுக்குத்தானே திரும்புகிறது என்பார்கள். திரும்புகிறது, யூரியா உரத்தையும் கூட்டிக்கொண்டு. அந்த யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் சேருகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வலிகாமப் பகுதியில் பல கிணறுகள் தாண்டிவிட்டன. அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம், நடுவர் அவர்களே. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தோட்டக்காரன் வாழ வேண்டாமா என்று கேட்பார்கள். வாழத்தான் சொல்கிறேன். இஸ்ரேலில் கழிவுநீரில் ஏறத்தாழ 90 வீதத்தைச் சுத்திகரித்துப் பயிருக்கு விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். போன போகம் எங்கள் ஐயா கத்தரிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார். முதல் நாள் நம்பிக்கையில்லாமல் செடியடியை விரலால் கிளறிப் பார்த்தார். ஈரம் இருந்தது. மெஷின் ஓடும் நேரம் பாதியானது. அந்த ஒரு போகத்தில் மிஞ்சிய தண்ணீர் எங்கள் வீட்டுத் தொட்டியை எத்தனை மாதம் நிரப்பும் என்று எதிரணித் தம்பியே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.