படத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆனது?

நண்பர்களே, இன்று பெரும்பாலும் ஒரே ஒரு புகைப்படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1976 ஜூன் 16, தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ. பள்ளிகளில் ஆளும் வெள்ளையரின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் நடத்துவதை எதிர்த்துக் கறுப்பின மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். போலீஸ் சுடுகிறது. குண்டடிபட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை எம்புயிசா மகுபோ என்ற இளைஞன் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடிவருகிறான். பக்கத்திலேயே ஹெக்டரின் அக்கா அன்டோனெட், உள்ளங்கையை விரித்து, கதறியபடி ஓடுகிறாள். இதைப் படம் எடுத்தவர் சாம் என்சிமா. போலீசிடம் சிக்கிவிடக் கூடாது என்று பிலிம் சுருளைக் காலுறைக்குள் ஒளித்துவைத்தார்.

படம் உலகம் முழுக்கப் போனது. நிறவெறி ஆட்சி எப்படிப்பட்டது என்று அதற்கப்புறம் யாருக்கும் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியிருக்கவில்லை.

சரி, அந்த மூன்று பேர்? ஹெக்டர் இறந்துபோனான். அடிபட்ட ஒரு பையனைத் தூக்கியதைத் தவிர எதுவும் செய்யாத எம்புயிசாவைப் போலீஸ் துரத்தியது. அவன் நாட்டைவிட்டே ஓடினான். 1978-இல் நைஜீரியாவிலிருந்து அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. என்சிமாவும் தொல்லை தாங்காமல் பத்திரிகை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு போராட்டத்துக்குப் போகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முகம் இல்லாமல் அந்தப் படம் இல்லை. அதே முகத்தைத்தான் போலீசும் தேடியது. அமெரிக்காவின் மெம்பிஸில் 1968-இல் துப்புரவுத் தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டைகளோடு வரிசையாக நின்றதைப் படம்பிடித்த எர்னஸ்ட் விதர்ஸ், அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்துவந்தார் என்பது 2010-இல் வெளிவந்தது. அவரை நம்பித்தானே எல்லாரும் அவர் கேமரா முன் நின்றார்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஒளி, கோணம் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். படத்தில் இருப்பவரிடம் கேட்டு வெளியிடுவது, கேட்க வழியில்லாத இடத்தில் முகத்தை விட்டுக் கைகளையும் கால்களையும் எடுப்பது, ஊர்வலம் கலைந்த பிறகும் அவர்களைப் போய்ப் பார்ப்பது, இதற்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். ஒரு நல்ல படத்தை வெளியிடாமலே வைத்திருக்க நேரலாம். வைத்திருங்கள்.

2002-இல் சொவேட்டோவில் ஹெக்டர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உள்ளங்கையை விரித்தபடி ஓடிய அக்கா அன்டோனெட், பின்னாளில் அங்கே வருகிறவர்களுக்கு அந்த நாளைத் தன் வாயாலேயே சொன்னார்.