கல்லாப்பெட்டியும் கர்ப்பகிரகமும்

நடுவர் அவர்களுக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம், வணக்கம் சொல்லியே டைம் போயிடும், நேரா வந்துடறேன். இடைக்காலத்துல கடல் தாண்டி மனுஷங்கள சேத்தது மதமா வியாபாரமா? நான் வியாபாரம் கட்சி.

இப்ப பேசிட்டுப் போன அக்கா சொன்னாங்க, "வியாபாரிக்கு ஏதுங்க சாமி, அவனுக்கு கல்லாப்பெட்டிதான் கர்ப்பகிரகம்"னு. நீங்க கை தட்டுனீங்க, வெக்கத்த விட்டு சொல்றேன், நானும் தட்டிட்டேன்.

அக்கா, ஒரு கல்லு கதை கேளுங்க. 1911, இலங்கையில காலி ஊரு. மதகுக்கு மூடியா குப்புறப் போட்டிருந்த ஒரு பலகைக்கல்லைப் புரட்டுறாங்க, பாத்தா பூரா எழுத்து. ஒரு பக்கம் சீனம். இன்னொன்னு பாரசீகம். மூணாவது? நம்ம தமிழுங்க! அது கல்லுன்னு நெனச்சு ஜனங்க மிதிச்சுட்டுப் போயிருக்காங்க, அது லெட்டருங்க, சீனச் சக்கரவர்த்தி யோங்லே அனுப்பின லெட்டர், 1409னு தேதி போட்டு, செங் ஹேங்கிற தளபதி கப்பல்ல கொண்டாந்தது.

என்ன எழுதியிருக்கு? சீனத்துல, புத்தருக்குக் காணிக்கை. தமிழ்ல, தெனாவரை நாயனாருக்கு, அதாவது நம்ம பெருமாளுக்கு. பாரசீகத்துல, அல்லாவுக்கு. கொண்டாந்த செங் ஹே பொறந்தது முஸ்லிம் குடும்பம். திரும்பச் சொல்றேன், இது ஒரு தடவைல எறங்காது: முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, சீன ராஜா காசுல, சிங்களத் தீவுல, பெருமாளுக்கு, தமிழ்ல சீர் வைக்கிறான்! ஆயிரம் பொன்னு, அஞ்சாயிரம் வெள்ளி, நூறு பட்டு, எண்ணெய் வேற. மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட். மூணு மருமகளுக்கும் ஒரே வெலையில புடவை எடுத்த மாமியார் இந்த ஹால்ல யாராச்சும் இருந்தா கை தூக்குங்க பாப்போம்... ஒருத்தரும் இல்ல. நடுவர் வீட்டம்மாவும் தூக்கல, குறிச்சுக்குங்க.

அதே செங் ஹே 1411ல அங்க ராஜாகூட சண்டை போட்டு அவரையே சீனாவுக்குப் புடிச்சுட்டுப் போனாருன்னு எதிரணி எந்திரிப்பாங்க. உண்மைதான். அதுக்கு எங்க அணி அடுத்த தம்பி பதில் சொல்வாரு, நான் எதுக்கு அவரு டைமைத் திங்கணும்.

ஆனா அக்கா, வியாபாரத்துக்குத் துறைமுகத்துல கப்பல் நிக்கணும்னா அந்தத் துறைக்காரன் கும்பிடுற சாமிய மதிக்கணும், அவன் பாஷைல மதிக்கணும். காரியத்துக்காகத்தான், இல்லேங்கல.

எங்கப்பா சிங்கப்பூர்ல ஒரு சீனர் கடைல பதினோரு வருஷம் மூட்டை தூக்குனாரு. மொதலாளிக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஒரு தீபாவளிக்கு போனஸ் கவர் நீட்டுறாரு, மேல பேனால, யாருகிட்டயோ எழுதி வாங்கி அதப் பாத்து வரைஞ்சிருக்காரு, "தீபாவலி வால்த்து". ழ வரல, ள வரல. அம்பது வெள்ளி, அங்க டாலரை அப்படித்தான் சொல்வாங்க. கல்லாப்பெட்டில இருந்து எடுத்ததுதான் அக்கா. வெள்ளி அந்த வாரமே செலவாயிடுச்சு. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, கவரு இன்னும் எங்கம்மா சாமி ரூம்ல, முருகர் படத்துக்குப் பின்னாடி...

மணி அடிச்சுட்டீங்க, உக்காந்துக்கறேன்.