பதினெட்டு வருடம் தார் சுற்றியதற்கு என்ன கணக்கு?

அடுத்த கேள்வியை ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கிப் படிக்கிறேன்.

“எனக்கு 53 வயது. விசைத்தறி வைத்திருக்கிறேன். 1998இல் திருமணம், 2016இல் பிரிந்தோம், 2018இல் விவாகரத்து ஆனது. மாதம் பத்தாயிரம் ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு மாதம் தவறாமல் கொடுத்து வந்தேன். இப்போது தொழில் படுத்துவிட்டது. அந்த அம்மாவோ துணி தைத்து மாதம் ஏழாயிரம் வரை சம்பாதிக்கிறார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். உறவே அறுந்த பிறகு ஆயுள் முழுக்கப் பணம் கட்டு என்பது என்ன நியாயம்? அவர் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டு, தார் சுற்றிக்கொண்டு இருந்தவர்தான். நான்கு மாதமாகப் பணத்தை நிறுத்திவிட்டேன்.”

அய்யா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வாரம் இரண்டு பேராவது இதே கோபத்தோடு என் எதிரே வந்து உட்காருகிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. “தார் சுற்றிக்கொண்டு இருந்தவர்தான்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தறி தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, சிறு கட்டையில் சுற்றித் தருவதுதான் தார். அது இல்லாமல் நாடாத் தறி ஓடாது. வெளியாளை வைத்தால் அதற்குக் கூலி உண்டு. உங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் அந்தக் கூலியை யாருக்குக் கொடுத்தீர்கள்? கொடுக்கவில்லை. அது மிச்சமானது. அந்த மிச்சம் அடுத்த தறியாக ஆகியிருக்கும், கூரை ஓடாக ஆகியிருக்கும். அந்தத் தறிகள் இன்று யார் பெயரில் இருக்கின்றன?

கோவாவைத் தவிர நம் நாட்டில், திருமணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தைப் பிரிகிறபோது இருவருக்கும் பாதியாகப் பிரிக்கிற சட்டம் இல்லை. யார் பெயரில் பத்திரமோ அவருக்குத்தான் சொத்து. பல வெளிநாடுகளில் முதலில் சொத்தைப் பங்கு போடுவார்கள், மாதப் பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். இங்கே பங்கு கிடையாது, மாதப் பணம் மட்டும்தான். ஆகையால் நீங்கள் தருகிற பத்தாயிரத்தைத் தண்டனை என்றோ தானம் என்றோ நினைக்காதீர்கள். பங்கு பிரிக்காமல் விட்ட கணக்கைத் தவணையாகக் கட்டுகிறீர்கள். இது சட்டப் புத்தகத்தில் இருக்கிற வாசகம் இல்லை, இத்தனை வருட வழக்குகளைப் பார்த்த என் வாசகம்.

பேருக்குக் கொடுத்ததாக எவ்வளவு குறைவாகவும் கொடுக்க முடியும் என்பதற்கு ஷா பானு வழக்கைச் சொல்வேன். 1932இல் திருமணமாகி, நாற்பத்து மூன்று வருடம் வாழ்ந்து, 1975இல் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர். கீழ் நீதிமன்றம் அவருக்கு விதித்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக ஆக்கியது. அந்த இருபது காசை என்னால் மறக்கவே முடிவதில்லை. உச்ச நீதிமன்றம் 1985இல் அதை உறுதி செய்தபோதுதான், முஸ்லிம் தனிச் சட்டத்தில் தலையிடுவதா என்று நாடு முழுக்க அவ்வளவு கூச்சல்.

சரி, உங்கள் பக்கத்தையும் பேசுவோம். எல்லா வழக்கிலும் ஆயுள் முழுக்கக் கொடுக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 25, கேட்பவரின் ஆயுளைத் தாண்டக் கூடாது என்று மேல் எல்லையைத்தான் வைத்திருக்கிறது. அதற்குள் எத்தனை காலம் என்பது நீதிமன்றத்தின் கையில். மொத்தமாக ஒரே தொகையாகவும் தீர்ப்பளிக்கலாம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. குறுகிய காலமே நிலைக்கிற திருமணங்களில் மற்றவரை வாழ்நாள் முழுக்கக் கொடுக்கச் சொல்வது நியாயமாக இராது, எத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. எனக்கு இதில் முழு உடன்பாடு. ஏழு மாதம் சேர்ந்து இருந்து, இருவருக்கும் நல்ல சம்பளம் இருந்து, ஒருவர் மற்றவரைச் சாகும்வரை சுமக்க வேண்டும் என்றால் அதை நானே எதிர்த்து வாதாடுவேன், வாதாடியும் இருக்கிறேன். ஆனால் உங்களுடையது ஏழு மாதம் இல்லை அய்யா, பதினெட்டு வருடம்.

இன்னொன்று, பிரிவு 25இல் கணவனும் கேட்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. சம்பாதிக்கிற மனைவியிடம் நோயாளிக் கணவன் ஜீவனாம்சம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில், அதாவது 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில், அந்த வாய்ப்பு இல்லை. அங்கே கணவன் மனைவி என்று வந்தால் மனைவி மட்டும்தான் கேட்க முடியும்.

அவர் சம்பாதிக்கிறாரே என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதால் மட்டும் ஜீவனாம்சம் அற்றுப்போகாது. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. தொகையைக் குறைக்கலாமா என்று பார்ப்பதற்கு அந்த ஏழாயிரம் உதவும், அவ்வளவுதான். சம்பளத்தில் 25 சதவீதம் என்று சட்டம் இருப்பதாக ஒரு பேச்சு சுற்றுகிறது. 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவைப் பொருத்தமான அளவாகச் சொன்னது உண்மை. அது எல்லா வழக்குக்கும் அடிக்கிற முத்திரை இல்லை.

தீர்ப்பு ஒருமுறை எழுதியதும் கல்லில் வெட்டியதாக இருவருமே நினைத்துக்கொள்வதுதான் நான் பார்க்கிற உண்மையான அநியாயம். கொடுப்பவர் நொடித்துப் போயிருப்பார், பழைய தொகையே ஓடும். வாங்குபவருக்கு அரிசி விலையும் மருந்து விலையும் ஏறியிருக்கும், அங்கேயும் பழைய தொகைதான். பிரிவு 25இன் இரண்டாம் உட்பிரிவு இதற்காகவே இருக்கிறது. சூழ்நிலை மாறினால் இருவரில் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு, உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம். இருவரில் யார் வேண்டுமானாலும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் குறைக்கச் சொல்லிப் போனால், கூட்டச் சொல்லி அந்த அம்மாவும் கேட்க முடியும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, 1997இல் நடந்த திருமணம். கல்கத்தா உயர் நீதிமன்றம் கொடுத்த இருபதாயிரத்தை உச்ச நீதிமன்றம் ஐம்பதாயிரமாக உயர்த்தி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் கூட வேண்டும் என்றும் சேர்த்தது. 2018இல் உங்களுக்கு விதித்த பத்தாயிரத்தில் அப்படிக் கூடுதல் எதுவும் இல்லை என்று தெரிகிறது. அதனால் அது இத்தனை வருடத்தில் தானாகவே இளைத்துவிட்டது.

ஜீவனாம்சம் வாங்குபவர் மறுமணம் செய்துகொண்டால் உத்தரவை மாற்றலாம் என்று மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. கூடவே நடத்தை பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு வாசலைப் படம் எடுத்துக்கொண்டு வழக்குப் பேச வருகிறவர்களை நான் அலுவலகத்துக்குள் விடுவதில்லை. நீங்கள் அதைக் கேட்கவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

இப்போது உங்கள் தவறைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகவே பணத்தை நிறுத்தியிருக்கக் கூடாது. உத்தரவு உயிரோடு இருக்கிறவரை நிலுவை ஏறிக்கொண்டே போகும். அந்த அம்மா நிறைவேற்று மனுப் போட்டால் சொத்தை ஜப்தி செய்யக்கூட வழி இருக்கிறது. நான்கு மாதம் நின்றுபோனதை வைத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனால் நீதிபதி முதலில் நிலுவையைப் பற்றித்தான் கேட்பார்.

முடிந்தவரை நிலுவையைக் கட்டுங்கள். கட்ட முடியாவிட்டால் ஒரு பகுதியாவது அனுப்பிவிட்டு, தீர்ப்புக் கொடுத்த அதே குடும்பநல நீதிமன்றத்தில் 25(2) மனுப் போடுங்கள். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அது ரஜ்னேஷ் தீர்ப்பு வைத்த முறை. தொழில் படுத்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. தறி எத்தனை நாள் ஓடியது என்பதை மின் கட்டண அட்டையே சொல்லிவிடும். நூல் வாங்கிய ரசீது, வங்கிக் கணக்கு, கடன் நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஏதாவது ஒரு தறியையோ இடத்தையோ விற்று ஒரே தொகையாக முடித்துக்கொள்ள இரண்டு பேருக்கும் சம்மதம் இருந்தால் சமரச மையத்தில் பேசலாம். உங்கள் வயதுக்கு அது நல்ல வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பேச உட்காருகிற அன்று, தார் சுற்றிய கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு போங்கள். அவருடைய வக்கீல் அதைச் சேர்க்காமல் இருக்க மாட்டார்.

அடுத்து ஒரு சகோதரி, பிரிந்து வந்தபோது விட்டுவிட்டு வந்த நகையைத் திரும்பக் கேட்க முடியுமா என்கிறார். முடியும். அதற்கு வருகிறேன்.