முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

முதன்முறையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும், அதையும் வேறொருவர் ஓட்டிய காராகவே வாங்க வேண்டும் என்று எண்ணியிருப்பவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். இத்தகைய கார்களைப் பிறருக்காகச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்தக் காருக்கு இந்த விலை சரிதானா?’ என்பதே. விலை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கையில் உள்ள பணம் முழுவதையும் அந்த விலைக்கே கொடுத்துவிடலாமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கிக்கொண்டே வரும். ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலையும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரின் கூலியும் இறங்குவதில்லை. புதிதாக வந்த காலத்தில் செல்வந்தர்கள் மட்டுமே வாங்கிய ஒரு கார், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்குக் கிடைக்கலாம். அதன் பிரேக் டிஸ்க்குகளும் கிளட்சும் ஷாக் அப்சார்பர்களும் அப்போதும் அந்தச் செல்வந்தர்களுக்கு உரிய விலையில்தான் விற்கும். ஆகவே, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் தனியே வைத்துவிட்டு, மீதிக்குள் அடங்கும் காரைத் தேடுங்கள். முதல் ஆண்டிலேயே அந்தப் பணத்துக்கு வேலை வந்துவிடும்.

அந்த மீதித் தொகைக்கு இரண்டு விதமான கார்கள் உங்கள் கண்ணில் படும். ஒன்று குதிரைத்திறன் மிகுந்ததாகவும், பார்த்தவுடன் மனத்தை இழுப்பதாகவும், ஆனால் சரியாகக் கவனிக்கப்படாததாகவும் இருக்கும். மற்றொன்று திறனில் குறைந்ததாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருக்கும். தயங்காமல் இரண்டாவதையே எடுங்கள். எடை குறைந்த சிறிய காரில் டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும், எஞ்சினுக்கும் சுமை குறைவு. அதோடு, அதன் திறன் முழுவதையும் சாதாரணச் சாலையிலேயே பயன்படுத்தி மகிழ முடியும் என்பது முதல்முறை வாங்குபவருக்குப் பெரிய பேறு.

இதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம் மாஸ்டா எம்எக்ஸ்-5. சில நாடுகளில் மியாட்டா என்ற பெயரில் விற்கப்படும் இந்த இரண்டு இருக்கைக் கார், 1989-ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. முதல் தலைமுறைக் காரில் தொடக்கத்தில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். திறன் சுமார் 115 குதிரைத்திறன்தான். எடையோ ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 2016-இல் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு கார்கள் ஓடுவதால் உதிரி பாகங்களுக்கும், இந்தக் காரை அறிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. இதன் முக்கியப் பலவீனம் துரு. மடக்கும் துணிக் கூரையின் ஓரத்தில் விழும் மழைநீர் வெளியேறுவதற்காக, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிறு வடிகால் குழாய்கள் உண்டு. அவற்றில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் கீழே இறங்க வழியின்றி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு பாதி போயிருக்கும். எனவே இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அந்தத் தகட்டின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தால் துருப்பிடித்த தகட்டை வெட்டி, புதியதை வெல்டிங் செய்யும் வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

சற்றுப் புதியதாக வேண்டும் என்பவர்களுக்கு, 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து கொண்டுவந்த 86, பிஆர்இசட் ஆகிய இரட்டைக் கார்களைச் சொல்வேன். இரண்டு லிட்டர் எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன், பின் சக்கர இயக்கம். இவற்றில் தொடக்க காலக் கார்கள் பல, எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றுவதற்காக 2018-இல் திரும்ப அழைக்கப்பட்டன. எஞ்சினைக் கழற்றித் திறந்து செய்ய வேண்டிய வேலை அது. நீங்கள் பார்க்கும் கார் அந்தத் தொகுதியைச் சேர்ந்ததா, சேர்ந்ததென்றால் வேலையை யார் செய்தார்கள், அதன் பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டு, எழுத்துப்பூர்வமான ஆதாரத்தையும் வாங்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்படித் தனக்கே உரிய ஒரு நோய் உண்டு. அதை அறியாமல் வாங்குவதுதான் ஆபத்து. அறிந்து வாங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. 1996-இல் வெளிவந்த போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுவதற்கு அவ்வளவு இன்பமான கார் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளுக்குக் கொண்டுசெல்லும் அந்தத் தண்டின் ஒரு முனையை, மூடி முத்திரையிட்ட ஒரு பால் பேரிங் தாங்கி நிற்கிறது. நாளடைவில் அதன் சீல் தளர்ந்து, உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து போனால் பேரிங் தேயும். தேய்ந்து உடைந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே போய்விடும். எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. பல ஆண்டுகளின் எஞ்சின்களில் இந்தப் பேரிங்கைக் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது மாற்றிவிடலாம் என்பதால், அறிந்த உரிமையாளர்கள் கிளட்ச் மாற்றும்போதே இதையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். 2006-ஐ ஒட்டி வந்த எஞ்சின்களில் பேரிங் பெரியது, உறுதியானது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அந்த இடைத்தண்டே இல்லாத புதிய எஞ்சின் வந்துவிட்டது. விற்பவரிடம் இந்த ஒரு பேரிங்கைப் பற்றிக் கேட்டாலே போதும்; அவர் தம் காரை எவ்வளவு அறிந்து வைத்திருந்தார் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8, பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோணப் பாகங்கள் சுழலும் ‘சுழல் எஞ்சின்’ கொண்டது; 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் சிறிதளவு ஆயிலை எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சுழலும் பாகத்தின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்துவிட்டால், சூடான நிலையில் நிறுத்திய கார் மறுபடி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். ஆகவே ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் அதை வாங்கவே கூடாது. சுழல் எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால், உள்ளே எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் செய்ய வேண்டும். 2000-க்கும் 2006-க்கும் இடையே வந்த பிஎம்டபிள்யூ எம்3 அருமையான கார்தான். ஆனால் பின்புற அச்சைத் தாங்கும் இடத்தில் தரைத்தகடு விரிசல் விடுவதையும், எஞ்சினின் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்வதையும் அறிந்தவர் உடன் இல்லாமல் அதை முதல் காராக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி காரைப் பார்க்கப் போகும் நாளுக்கு வருவோம். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் காட்டக்கூடிய எதையோ உங்கள் கண்ணில் படாமல் செய்ய நினைத்தார்களோ என்று ஐயப்பட இடமுண்டு. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவது நல்லது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி சில நிமிடங்களில் மறைந்துவிட்டால் கவலையில்லை. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு தொடர்ந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது; பெரும்பாலும் எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆனால் போர்ஷே, சுபாரு போன்றவற்றின், சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் படுக்கைவாட்டு எஞ்சின்களில், நின்றிருந்த நேரத்தில் சிலிண்டருக்குள் கசிந்த சிறிது ஆயில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கணம் புகைந்து நின்றுவிடுவது இயல்பே. அதற்காக நல்ல காரைக் கைவிட வேண்டாம்.

அடுத்ததாக டயர்களுக்கு அருகே உட்காருங்கள். ஒரு காரைப் பற்றி அதன் உரிமையாளர் சொல்லாமல் விடுவதையும் டயர்கள் சொல்லிவிடும் என்பதால், நான் எப்போதும் இங்கே கூடுதல் நேரம் செலவிடுவேன். பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துகளின் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கோடுகள் ஆழமாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப் போய் ஈரச் சாலையில் பிடிப்பைத் தராது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்க வேண்டும். வேகமான காருக்கு, கிடைத்த மலிவு டயரைப் போட்டு ஓட்டியவர், கண்ணுக்குத் தெரியாத ஆயிலுக்கும் கூலன்டுக்கும் செலவு செய்திருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கும், அல்லது சஸ்பென்ஷன் புஷ்கள் தளர்ந்திருக்கும், அல்லது பழைய மோதலில் ஏதோ வளைந்திருக்கும். மூன்றில் எது என்பதை லிஃப்டில் ஏற்றித்தான் சொல்ல முடியும்.

மோதலுக்குச் சான்று தேட, பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி உதவும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் பல நூறு மைக்ரான் காட்டினால் கீழே பட்டி பூசியிருக்கிறார்கள். ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா, டிக்கியின் தரையைத் தூக்கினால் தகடு நசுங்கி நிமிர்த்தப்பட்ட தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அலுமினியத்தாலோ ஃபைபராலோ ஆன உடல்களுக்குச் சோதனை முறை வேறுபடும். அவற்றுக்கு அந்தக் காரையே அறிந்தவர் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையிலேயே இரண்டாவது கியரைக் கவனியுங்கள். இறுக்கமாக விழுந்தால் ஆயில் சூடானதும் சரியாகிவிடலாம். கரகரவென்று அரைத்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிவரும். எஞ்சின் சூடானதும், நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காரின் கம்ப்யூட்டரை ஒரு ஸ்கேனரில் இணைத்துப் பாருங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லாமல், சுயசோதனைகள் மட்டும் முடிவடையாமல் நின்றால், யாரோ அண்மையில் பழைய குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் படியுங்கள். குறைவான கிலோமீட்டர் ஓடியிருப்பது மட்டும் நற்சான்று ஆகாது. ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் சீல்களும் ஹோஸ்களும் காய்ந்து வெடிக்கும், டைமிங் பெல்ட்டும் ஓடாமலே வயதாகும். எஞ்சினின் திறனைக் கூட்டுவதற்காக மென்பொருளையோ டர்போவின் அழுத்தத்தையோ மாற்றிய கார் முதல்முறை வாங்குபவருக்கு ஏற்றதல்ல. தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையிலேயே இருக்கும் காரைத் தேடிப் பிடியுங்கள், சற்றுக் கூடுதல் விலை என்றாலும் சரி. சேஸிஸ் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா, கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் கட்டணம் எவ்வளவு என்பனவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அந்த வகைக் காரைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது; ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறைந்து, தொடர்ந்து பிரேக் பிடிக்கும் இறக்கத்தில் பெடல் தளர்ந்துவிடும். பழைய கார்கள் பலவற்றில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு இல்லை. அத்தகைய பின் சக்கர இயக்கக் காரிலோ நடுவில் எஞ்சின் உள்ள காரிலோ, வளைவின் நடுவே பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே சீராக ஓட்டும் பழக்கத்தைப் பொதுப் போக்குவரத்து இல்லாத ஓட்டக்களத்தில் ஒரு பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கான செலவையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். முதல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு, பெட்ரோல் போடும்போதெல்லாம் எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஆயில் எந்த வேகத்தில் குறைகிறது என்று தெரிந்த பிறகு எஞ்சினை அதன் முழுச் சுழற்சி வரை கொண்டுபோகலாம்.

நன்றி, வணக்கம்.